ஆயில் சார்

பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில், கர்நாடகம் முடிந்து தமிழ்நாடு தொடங்குவதற்குச் சற்று முன்னால் இருக்கும் அத்திபெலேயை, பஸ்ஸில் தூங்கிக்கொண்டு கடப்பவர்கள் ஒரு சுங்கச்சாவடியாகவும், லாரிக்காரர்கள் ஒரு தாமதமாகவும், ஆனேக்கல் தாலுகாவின் பூகோளம் அறிந்த சிலர் மட்டும் ஓர் ஊராகவும் அறிவார்கள். மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கோ அது ஒரு க்ஷேத்திரம். ஓசூர் ஓரத்து ஜூஜூவாடியில் குடியிருந்து பொம்மசந்திரத்தில் வேலை பார்ப்பவர்களும், அத்திபெலேயில் குடியிருந்து ஓசூர் சிப்காட்டில் வேலை பார்ப்பவர்களுமாக, 'டி.என். 70' என்றும் 'கே.ஏ. 51' என்றும் பலகை பூண்ட வண்டிகள் ஷிப்டு மாறும் வேளைகளில் எதிரும் புதிருமாகப் பாய்கிற அந்தச் சாலையோரத்தில் மெக்கானிக் ஷெட்டுகளுக்குக் குறைவில்லை. ஷெட் இருக்கும் இடத்தில் டீக்கடை இருக்கும். ஷெட்டும் டீக்கடையும் சேர்ந்திருக்கும் இடத்தில், சிருஷ்டியின் ஏதோ ஒரு நியதிப்படி, ஆயில் சார் இருப்பார்.

ஆயில் சார் மெக்கானிக் அல்லர். ஸ்பானரைக் கையால் தொடமாட்டார். ஷெட்டின் முதலாளியும் அல்லர். ஷெட்டுக்கு வாடகை பாக்கி என்ற பேச்சு எழுந்தால் அந்த நேரம் பார்த்து டீ குடிக்க எழுந்துவிடுவார். ஓய்வுபெற்ற ஃபோர்மன், இன்ஷூரன்ஸ் ஏஜண்டு, பிள்ளைகள் தலையெடுத்த பிறகு பொழுதின் விஸ்தீரணத்தை உணர்ந்துகொண்ட குடும்பஸ்தர் என்று அவருடைய பூர்வாசிரமம் எதுவாக இருந்தாலும், கழற்றிப் போட்ட ஒரு பழைய ஸ்கூட்டர் சீட்டைத் தமக்கு ஆசனமாக வரித்துக்கொண்டு, காலை 7 மணியிலிருந்து அங்கே எழுந்தருளியிருப்பார். உங்கள் வீட்டுக் கல்யாணத்தையும் பிள்ளையின் பரீட்சையையும் வாடகை உயர்வையும் விசாரிப்பதற்கு முன்பாகக் குனிந்து, உங்கள் இன்ஜினின் பக்கவாட்டில் உள்ள சிறு கண்ணாடி வட்டத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன ஊத்தினீங்க?" என்று எவர் கேட்கிறாரோ, அவரே ஆயில் சார் என்று நிச்சயித்துக் கொள்ளலாம். எந்தப் பதிலைச் சொன்னாலும் அவர் ஒரு பெருமூச்சு விடுவார். அந்தப் பெருமூச்சுக்குப் பயந்தே சிலர் அடுத்த ஷெட்டுக்குப் போகிறார்கள். அங்கே வேறோர் ஆயில் சார் இருக்கிறார்.

சோதனை சம்பிரதாயப்படி நடக்கும். டிப்ஸ்டிக்கை உருவி, அதன் நுனியில் தொங்கும் துளியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஏந்தி, சாவதானமாகத் தேய்த்து, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து, பிறகு வெயிலுக்கு நேரே விரலை உயர்த்திப் பார்ப்பார். எண்ணெய் கறுத்திருந்தால், "செத்துப் போச்சு தம்பி" என்பார். கறுக்காமல் இருந்தாலோ, "வேலையே செய்யலியே!" என்பார். இவ்விரு தீர்ப்புகளுக்கும் நடுவே புகுந்து தப்பித்த எண்ணெயை அத்திபெலே இதுவரை கண்டதில்லை. உண்மையில், இன்ஜின் ஆயிலில் அழுக்கைக் கரைத்தெடுக்கும் சரக்கும், எடுத்த கரியை அடியில் படியவிடாமல் நுண்துகளாக மிதக்க வைக்கும் சரக்கும் கலந்திருப்பதால், ஓடின ஆயில் கறுப்பது அது தன் கடமையைச் செய்து வருகிறது என்பதற்கு அடையாளமே ஒழிய, அதன் ஆயுள் தீர்ந்தது என்பதற்கு அத்தாட்சி ஆகாது. விரல் சூட்டில் தேய்த்து அறிந்த கனம், இன்ஜினுக்குள் 100 டிகிரிச் சூட்டில் அது எப்படி நடந்துகொள்ளும் என்பதற்குச் சாட்சியமும் ஆகாது. இதை நான் மிகுந்த மரியாதையோடு பிரஸ்தாபித்தபோது, ஆயில் சார் என்னை அனுதாபத்துடன் நோக்கி, "படிச்சவங்க அப்படித்தான் சொல்வாங்க" என்றார்.

எந்த வண்டிக்கு எந்த ஆயில் என்ற கேள்விக்கு, அந்த வண்டியோடு வரும் சிறு புத்தகத்தில் ஒரே வரியில் விடை அச்சிடப்பட்டிருக்கிறது. சில வண்டிகளில் ஆயில் ஊற்றும் மூடியின் மேலேயே எண் பொறித்திருக்கிறார்கள். லோகத்தில் இத்தனை எளிதில் தீரக்கூடிய சந்தேகங்கள் அதிகம் இல்லை. ஆனால் அச்சில் கிடைக்கும் விடையில் மனிதனுக்கு ஏனோ திருப்தி பிறப்பதில்லை. தன் வண்டியை ஒருவர் நேரில் பார்த்து, தலையை ஆட்டி, சற்றே யோசித்து, அதற்கென்று தனியாக ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று அவன் ஏங்குகிறான். அந்த ஏக்கத்தின் மீதுதான் ஆயில் சாருடைய ஆசனம் போடப்பட்டிருக்கிறது. கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து, தவணையில் 125 சி.சி. வண்டி வாங்கியிருந்த ஓர் இளைஞன் அவரிடம் வந்து நின்றபோது நடந்த சம்வாதத்தை நான் பக்கத்து பெஞ்சிலிருந்து கேட்டேன்.

"அண்ணா, கம்பெனி புக்குல 10டபிள்யூ-30ன்னு போட்டிருக்கு. அதையே ஊத்திடலாமா?"

"புக்கு எங்க எழுதினான்?"

"தெரியலீங்களே."

"அத்திபெலேல எழுதலை இல்ல?"

இளைஞன் வாயடைத்துப் போனான். உலகத்தில் எந்த மோட்டார் கம்பெனியும் தன் புத்தகத்தை அத்திபெலேயில் உட்கார்ந்து எழுதியதில்லை என்பது மறுக்க முடியாத உண்மை. பிறகு ஆயில் சார் எண்களுக்கு வியாக்கியானம் செய்யத் தொடங்கினார். 'டபிள்யூ'வுக்கு முன் நிற்கும் எண் காலைக் குளிருக்கு, பின் நிற்கும் எண் மத்தியான வெயிலுக்கு, "நம்ம ஊரு மார்கழிக் குளிரு உனக்குத் தெரியும், 20டபிள்யூவா, 10டபிள்யூவான்னு நிதானிச்சுத்தான் ஊத்தணும்" என்றார். டபிள்யூ என்ற எழுத்து குளிர்காலத்தைக் குறிப்பது மெய்தான். எந்தக் குளிர்காலம் என்பதில்தான் சங்கடம். அமெரிக்க ஆட்டோமொபைல் இன்ஜினியர்கள் சங்கம் வகுத்திருக்கும் அளவுப்படி, 20டபிள்யூ ஆயில் பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரிக் குளிரிலும், 10டபிள்யூ ஆயில் பூஜ்யத்துக்குக் கீழே 25 டிகிரிக் குளிரிலும் இன்ஜினைச் சுழலவிடுகின்றனவா என்று பரீட்சிக்கப்படுகின்றன. பெங்களூரில் பதிவான குளிர்களிலேயே கடுமையானது 1884 ஜனவரியில் வந்தது. அன்றைக்கும் பூஜ்யத்துக்கு மேலே 7.8 டிகிரி இருந்தது. ஆகவே ஆயில் சார் குல்லாயைக் காது வரை இழுத்துவிட்டுக்கொண்டு நிர்ணயிக்கும் குளிர்காலம் சைபீரியாவுக்கு உரியதே தவிர ஆனேக்கல் தாலுகாவுக்கு உரியதன்று. அதற்காக இரண்டு எண்ணெயும் ஒன்றே என்று சொல்ல வரவில்லை: நம் விடியற்காலையிலும் மெல்லிய எண்ணெய் வால்வு வரை சற்றுச் சீக்கிரமாக ஏறும், பெட்ரோலும் கொஞ்சம் மிச்சப்படும், அத்தகைய எண்ணெயை உத்தேசித்தே அந்த இன்ஜினின் உள் இடைவெளிகளும் வார்க்கப்பட்டிருக்கின்றன. கம்பெனிக்காரன் அந்த ஒரு வரியை எழுதியதன் காரணம் இவ்வளவுதான்.

எண்களில் ஆயில் சாருக்கு மிகவும் உவப்பானது 90. "தொண்ணூறு" என்று அதை உச்சரிக்கும்போதே அவர் குரலில் ஒரு கனம் ஏறும். கியர் விழும்போது சத்தம் வருகிறதா, இன்ஜினில் டிக் டிக் என்று கேட்கிறதா, "கொஞ்சம் தொண்ணூறு கலந்துவிடு, அடங்கிடும்" என்பது அவருடைய சஞ்சீவி. 40-ஐ விட, 50-ஐ விட, 90 பெரிய எண் என்பது குழந்தைக்கும் தெரியும். ஆனால் இன்ஜின் ஆயிலை அளக்கும் கோல் வேறு, கியர் ஆயிலை அளக்கும் கோல் வேறு. 100 டிகிரிச் சூட்டில், 50 என்று பெயர் பெற்ற இன்ஜின் ஆயிலின் கனம் 16.3 சென்டிஸ்டோக்ஸில் தொடங்குகிறது; 90 என்று பெயர் பெற்ற கியர் ஆயிலுடையதோ 13.5-இலேயே தொடங்கிவிடுகிறது. வேட்டி 8 முழம், சட்டைத்துணி இரண்டரை மீட்டர் என்று கேள்விப்பட்டுவிட்டு, வேட்டி மூன்று மடங்குக்கு மேல் நீளம் என்று முடிவு கட்டுகிறவனுடைய கணக்குத்தான் இது. தவிரவும், பற்சக்கரங்கள் ஒன்றையொன்று நசுக்கும் இடத்தில் தாக்குப்பிடிப்பதற்காகக் கந்தகமும் பாஸ்பரமும் சேர்த்த அந்த எண்ணெய் இன்ஜினுக்கென்று செய்யப்பட்டதன்று. அவ்வகையில் வீரியம் மிகுந்த சில ரகங்கள் கியர் பெட்டியில் உள்ள வெண்கலப் புஷ்களைக்கூட அரித்துவிடும். ஆனால் சத்தம் அடங்குவது என்னவோ வாஸ்தவம். சில நாளைக்கு அடங்கும்.

ஆயில் சாருடைய கண்களில் ஈரம் கசியக் காண வேண்டுமானால், பழைய புல்லட்டைப் பற்றிப் பேச்செடுக்க வேண்டும். 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தார் இங்கிலாந்து ரெட்டிச்சிலிருந்த ராயல் என்ஃபீல்டு கம்பெனியுடன் கூட்டுச் சேர்ந்து, பின்பு திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் ஆண்டாண்டுக் காலமாகச் செய்துவந்த அந்த வார்ப்பிரும்பு இன்ஜின் வண்டியில், எண்ணெய்க்கு மூன்று தனித்தனி அறைகள். இன்ஜினுக்கு ஓர் எண்ணெய். கிளட்சும் முதல் செயினும் குடியிருக்கும் இடப்பக்கத்துப் பெட்டிக்கு அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவாக வேறோர் எண்ணெய். வலக்காலால் போடும் நான்கு கியர்களைக் கொண்ட பெட்டிக்கு மூன்றாவதாக ஒன்று. மூன்று அறைகள் என்றால் மூன்று அபிப்பிராய பேதங்கள். இன்ஜினுக்குக் கோடையில் ஒற்றை எண் 40 போதுமா, 20டபிள்யூ-50 வேண்டுமா? கிளட்ச் பெட்டிக்கு இன்ஜின் ஆயிலா, காரின் ஆட்டோமாட்டிக் கியருக்கு ஊற்றும் சிவப்புத் திரவமா? இவை இரண்டும் சில்லறை வழக்குகள். கியர் பெட்டி வழக்கே பிரதானமானது. அதற்கு இளகிய கிரீஸ் வைப்பதே பழைய முறை. கிரீஸ் பல்லுக்கு எட்டாமல் ஒதுங்கி நிற்கிறது என்று குறை கண்டவர்கள் தொண்ணூறு ஊற்றினார்கள். ஊற்றிய தொண்ணூறு விடிவதற்குள் பாதி தரைக்கு வந்துவிடுகிறது என்று குறை கண்டவர்கள் மறுபடி கிரீஸுக்குத் திரும்பினார்கள். இரண்டையும் கலந்து சமரசம் கண்டவர்களை இரு தரப்பாரும் நம்பவில்லை. புல்லட் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை இல்லாவிட்டால் உள்ளே எண்ணெய் இல்லை என்று பொருள் என்பது அக்காலத்து ஆயில் சார்களின் ஆன்றோர் வாக்கு.

மைசூரில் 1961 முதல் 1996 வரை உற்பத்தியான ஜாவாவும் எஸ்டியும், அவற்றுக்குப் பின் வந்த யமஹா ஆர்.எக்ஸ். 100-ம், ஓசூரிலேயே பிறந்த டி.வி.எஸ். சுசூகியும் டூ-ஸ்ட்ரோக் ஜாதி. அவற்றில் பெட்ரோலோடு எரிந்து புகையாகிவிடுவதற்கு 'டூ-டி' ஆயில், கியர் பெட்டிக்குத் தனி ஆயில் என்று இரண்டு இருந்தன. மூன்று இல்லாவிட்டாலும் இரண்டாவது உண்டே என்று ஆயில் சார் மனத்தைத் தேற்றிக் கொண்டார். 1985-இல் ஹீரோ ஹோண்டா சி.டி. 100 வந்தது. ஒரு லிட்டர்கூடக் கொள்ளாத ஒரே எண்ணெய், இன்ஜினையும் கிளட்சையும் கியரையும் சேர்த்துக் காப்பாற்றும் என்று சொல்லிக்கொண்டு வந்த அந்தச் சிறிய வண்டியை அவர் இன்றுவரை மன்னிக்கவில்லை. 2008-க்குப் பிறகு புல்லட்டும் அதே வழியில் ஒரே எண்ணெய்க்கு மாறிவிட்ட செய்தி வந்த அன்று, அவர் வழக்கமாக அருந்தும் இரண்டாவது டீயை அருந்தவில்லை என்று டீக்கடைக்காரர் சொல்கிறார்.

அந்த ஒற்றை எண்ணெயின் பாடு மெய்யாகவே பரிதாபமானதுதான். மேலே பிஸ்டன் பக்கத்தில் வெந்து, கீழே கியர் பற்களின் இடையில் நசுங்கி, நடுவே கிளட்ச் தட்டுகளை வழுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சூட்டில் இளகிவிடாமல் இருப்பதற்காக அதில் சேர்த்திருக்கும் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளைக் கியர் பற்கள் நறுக்கிக்கொண்டே வருவதால், 40 என்று ஊற்றிய எண்ணெய் நாளடைவில் 30-க்குரிய கனத்துக்கு இறங்கிவிடுவதுண்டு. புது ஆயில் ஊற்றிய அன்று மௌனமாக விழுந்த கியர், சில மாதங்களில் 'கடக்' என்று விழத் தொடங்குவதை ஓட்டுகிறவன் தன் கால் நுனியிலேயே உணர்கிறான். ஆயில் சார் இதை எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. ஆனால் வண்டி ஷெட்டுக்குள் திரும்பும்போதே கியர் விழுந்த சத்தத்தைக் கேட்டு, "ஆயில் இளகிப்போச்சு" என்று சொல்லிவிடுவார். அதைச் சரியாகவே சொல்லுவார்.

இப்படி அவர் சரியாகச் சொல்லும் சந்தர்ப்பங்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். அவற்றில் மிகப் பெரியது கார் ஆயில் விஷயம். ஒருவர் தம் மாமனாரின் காருக்கு வாங்கி மீந்த அரை கேன் ஆயிலைக் கொண்டுவந்து, "ஃபுல் சிந்தெடிக்கு சார், வீணாப் போகுது, வண்டில ஊத்திடச் சொல்லுங்க" என்றபோது, ஆயில் சார் ஆசனத்தை விட்டு எழுந்தார். டீக்காக அல்லாமல் அவர் எழுந்து நின்று நான் பார்த்தது அப்போதுதான். "ஊத்தாதே! கிளட்ச் ஸ்லிப் ஆகும்" என்றார். காரில் கிளட்ச் காய்ந்த இடத்தில் இருக்கிறது. மோட்டார் சைக்கிளில் அது எண்ணெயிலேயே குளித்துக்கொண்டிருக்கிறது. பெட்ரோலை மிச்சப்படுத்துவதற்காகக் கார் ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் சரக்குகளைச் சேர்க்கிறார்கள். அவை கிளட்ச் தட்டில் ஏறினால், மேம்பால ஏற்றத்தில் திராட்டிலை முறுக்க முறுக்க இன்ஜின் கத்துமே தவிர வண்டி நகராது. இந்தத் தொல்லையை உத்தேசித்தே ஜப்பானியர்கள் 1998-இல் 'ஜாஸோ' என்ற தர நிர்ணயத்தை ஏற்படுத்தி, எண்ணெயில் குளிக்கும் கிளட்ச் உள்ள வண்டிகளுக்கு 'எம்.ஏ.' என்றும், அது இல்லாத ஸ்கூட்டர்களுக்கு 'எம்.பி.' என்றும் டப்பாவின் முதுகில் அச்சிட ஏற்பாடு செய்தார்கள், பிற்பாடு எம்.ஏ.வையும் இரண்டாகப் பிரித்தார்கள். ஓர் ஆயில் டப்பாவில் படிக்க வேண்டிய எழுத்துகளுக்குள் 20-க்கும் 40-க்கும் அடுத்தபடி முக்கியமானவை இவ்விரண்டு எழுத்துகளே. முகப்பில் அச்சிட்டிருக்கும் பந்தயக்காரனின் படத்தைப் பார்த்து வாங்குகிறவர்கள் முதுகைத் திருப்பிப் பார்ப்பதில்லை.

மினரலா சிந்தெடிக்கா என்ற விவாதத்தில் ஆயில் சார்களுக்குள் வடகலை, தென்கலை உண்டு. மண்ணிலிருந்து எடுத்த எண்ணெயே இயற்கை என்பவர்கள் ஒரு பக்கம். சந்தாபுரம் நெரிசலில் முதல் கியரைத் தாண்ட முடியாத வண்டிக்குப் பந்தயக் களத்து எண்ணெயை, மூன்று மடங்கு விலை கொடுத்து ஊற்றச் சொல்பவர்கள் மற்றொரு பக்கம். இருவருமே மதிப்பது ஆமணக்கெண்ணெயை. அக்காலத்துப் பந்தய வண்டிகளில் அதை ஊற்றினார்கள் என்பதும், வேக்ஃபீல்டு என்ற ஆங்கிலேயரின் கம்பெனி அதைக் கலந்து 1909-இல் வெளியிட்ட ஆயிலுக்கு அதன் ஆங்கிலப் பெயரை ஒட்டியே காஸ்ட்ரால் என்று பெயர் வந்தது என்பதும் சரித்திரம். சோழவரம் விமானத் தளத்தில் நடந்த பந்தயங்களில் அந்த வாசனையை முகர்ந்ததாகச் சொல்லாத ஆயில் சாரை நான் சந்தித்ததில்லை. அவர்களுடைய வயதைக் கூட்டிக் கழித்துப் பார்க்கும் துணிவு எனக்கு வந்ததும் இல்லை.

ஷெட்டில் உண்மையாகக் கை கறுக்க வேலை செய்யும் பையன் ஒருவன் உண்டு. அவன் இந்த உபந்நியாசங்களில் கலந்துகொள்வதில்லை. ஆயில் டப்பாவின் மூடிக்கடியில் மெக்கானிக்குக்கென்று கம்பெனிக்காரர்கள் வைத்திருக்கும் கூப்பனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, டிரெய்ன் நட்டைக் கழற்றி, பழைய வாஷரைத் தூர எறிந்து, புது வாஷர் போட்டு முடுக்கி, அளவு பார்த்து ஊற்றிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விடுவான். காலி டப்பாவை யாரும் போலிச் சரக்கு நிரப்ப எடுத்துக்கொள்ளாமல் ஸ்க்ரூடிரைவரால் குத்தி ஓட்டையாக்கும் கைங்கரியத்தை மட்டும் அவன் ஆயில் சாருக்கு விட்டுக்கொடுத்திருக்கிறான். அதை அவர் மிகுந்த ஆவேசத்தோடு செய்வார். வடித்த கறுப்பு எண்ணெயைக் கட்டட வேலைக்காரர்கள் சென்ட்ரிங் பலகைக்குத் தடவுவதற்காக வாங்கிப் போகிறார்கள். அதன் கிரேடை அவர்கள் கேட்பதில்லை.

ஆயில் சாருடைய சொந்த வண்டியில் ஊற்றப்படும் எண்ணெய் பழையதாகும் பாக்கியத்தைப் பெற்றதே இல்லை. புத்தகம் 5,000, 6,000 கிலோமீட்டர் என்று சொல்வதை அவர் இரண்டு அமாவாசை என்று திருத்தி வைத்திருக்கிறார். ஆனால் அவருடைய வீட்டில் இரண்டாவது வண்டி ஒன்று உண்டு. வீட்டம்மாள் காய்கறிக்கும் ரேஷனுக்கும் பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் விடுவதற்கும் ஓட்டுகிற, கியர் இல்லாத ஸ்கூட்டர் அது. கியர் இல்லாததால் அவருடைய சிந்தனையின் எல்லைக்கு வெளியே நின்றது. கியர் இல்லாத ஸ்கூட்டரிலும் கியர் உண்டு: பெல்ட்டு வழியே வரும் வேகத்தைக் குறைத்துப் பின்சக்கரத்துக்குக் கொடுக்கும் பற்சக்கரங்கள் ஒரு சிறு பெட்டிக்குள் அடைபட்டு, 100, 120 மில்லி கியர் ஆயிலில் நனைந்துகொண்டிருக்கின்றன. இன்ஜினுக்கு ஓர் எண்ணெய், கியருக்கு ஓர் எண்ணெய் என்று அவர் எந்தப் பொற்காலத்தை எண்ணி உருகினாரோ, அது அவர் வீட்டு வாசலிலேயே ஸ்டாண்டு போட்டு நின்றுகொண்டிருந்தது. பின்பக்கம் ஒரு விதமாக உறுமத் தொடங்கவே, அந்த அம்மாள் ஒருநாள் தாமே வண்டியை ஷெட்டுக்கு ஓட்டிப் போனார். பையன் போல்ட்டைத் திறந்தான். இரும்புத் தூள் மினுமினுக்கும் சாம்பல் நிறக் குழம்பு ஒன்று சொட்டியது.

"வாங்கினதிலிருந்து இதை யாரும் மாத்தலியாம்" என்று அன்று இரவு சாப்பாட்டின்போது அம்மாள் சொன்னார்.

ஆயில் சார் சாதத்தைப் பிசைவதை நிறுத்தினார். "என்ன கிரேடு ஊத்தினான்?"

"புக்கைப் பார்த்து ஊத்தினான். உறுமல் நின்னுடுச்சு. ரசம் ஊத்தட்டுமா?"

மறுநாள் காலை 7 மணிக்கு அவர் தம் ஆசனத்தில் இருந்தார். முதலாவதாக வந்த ஸ்கூட்டர்காரர் இறங்குவதற்குள்ளாகவே குனிந்து, கண்ணாடி வட்டத்தை விட்டுவிட்டுப் பின்சக்கரத்தின் பக்கமாக விரலை நீட்டி, "முன்னாடி ஆயில் இருக்கட்டும் சார், இங்க ஒரு போல்ட்டு இருக்கே, இதை என்னைக்காவது திறந்திருக்கீங்களா? இந்த ஊர்ல ஒருத்தருக்கும் இது தெரியாது" என்று ஆரம்பித்தார்.